குன்னூர்ப் பக்கம் 8 வாரக் குழு சிகிச்சை: ஆள் தேர்வு, இடம், வீட்டுப் பயிற்சி பற்றிச் சில சந்தேகங்கள்

மலைச்சாரல்:

வணக்கம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஓர் ஊரில், லேசான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு வாரம் ஒரு முறை வீதம் 8 வாரக் குழு சிகிச்சை தொடங்கப் போகிறோம். நான் ஆலோசகர். கூட மனநல சமூகப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். 11 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், 26 வயதிலிருந்து 58 வரை. பெண்கள் 8, ஆண்கள் 3. பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் 9 கேள்வித்தாள், மொத்தம் 27 மதிப்பெண்) போட்டுப் பார்த்ததில் ஏழு பேர் 5–9க்குள், மூன்று பேர் 10–14க்குள், ஒருவருக்கு மட்டும் 17.

அந்த 17ஐச் சேர்க்கலாமா? அவரே விருப்பப்பட்டுக் கேட்கிறார். அடுத்தது, பெயர் கொடுத்தவர்களில் ஒரே ஹட்டியைச் (படுகர் ஊர்) சேர்ந்த நாத்தனாரும் அண்ணியும் இருக்கிறார்கள். ஒருவர் பெயர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தம், எப்படிப் பிரிப்பது? இடம் என்று பார்த்தால் இரண்டு கிடைக்கும்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்னறை, அல்லது வாசகசாலை மாடி. கடைசியாக வீட்டுப் பயிற்சி. "எழுதிட்டு வாங்க" என்றால் பாதிப் பேர் வெறுங்கையோடு வருவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என்ன கொடுத்தால் செய்வார்கள்?

நவம்பர் முதல் வாரம் ஆரம்பிக்கலாம் என்று எண்ணம்.

சில்வர்ஓக்:

ஆள் தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவமுள்ளவர்கள் வந்து சொல்வார்கள்.

17 இப்போதைக்கு வேண்டாம். பி.எச்.க்யூ-9இல் 5–9 லேசானது, 10–14 நடுத்தரம், 15ஐத் தொட்டாலே கணக்கு வேறு. அவருக்குத் தேவை தனி மருத்துவம். ஆனால் "உங்களைச் சேர்க்க முடியாது" என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டால் அவர் வேறெங்கும் போக மாட்டார், வீட்டுக்குத்தான் போவார். "முதல்ல டாக்டர், அடுத்த சுற்றில் குழு" என்று சொல்லி, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உட்காரும் நாளையும் நேரத்தையும் கையில் எழுதிக் கொடுங்கள். மறுநாள் ஒரு போன். மருந்து ஆரம்பித்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்தாம் நாளே "கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள், இறந்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. மொத்தம் 6 இருந்து அதில் ஒன்பதாவதுக்கு 1 விழுந்திருந்தால், அன்றே, அந்த அறையிலேயே, தனியாகக் கேட்க வேண்டும்: எண்ணம் மட்டுமா, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா. கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்பது வீண் பயம். காரட், உருளைக்கிழங்கு போடும் வீடு என்றால் பூச்சிமருந்து எங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பூட்டி, சாவி வேறொருவர் கையில். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐக் குழுவில் எல்லோருக்குமே முதல் நாளே கொடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் தனித்துத் தெரிவார்.

கேள்வித்தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தால் இன்னொரு முறை வாயால் கேட்டுப் பாருங்கள். "கடந்த இரண்டு வாரத்தில்" என்பதை விட்டுவிட்டு, வாழ்க்கை முழுதையும் நினைத்துப் பதில் சொல்பவர்கள் நிறைய. களைப்பு பற்றிய கேள்வியும் அப்படித்தான். கொழுந்து அதிகமாக வரும் மாதத்தில் நாள் முழுக்கப் பறித்துவிட்டு வருகிறவருக்குக் களைப்பு இல்லாமல் இருக்குமா? "வேலை முடிஞ்ச பிறகு களைப்பா, எழுந்திருக்கும்போதே களைப்பா?" என்று பிரித்துக் கேட்டால் மதிப்பெண்ணே மாறும். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7ஐயும் சேர்த்துப் போடுங்கள், 7 கேள்விதான். பி.எச்.க்யூ 6, ஜி.ஏ.டி 16 என்று வருபவர்கள் உண்டு, அவர்களை "லேசு" என்று எழுதிவிடக் கூடாது.

10–14 உள்ள மூவரையும் சேர்க்கலாம், மருத்துவரை ஒரு முறை பார்த்துவிட்டு. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு மூன்றும் சோர்வாக வந்து நிற்கும், டி.எஸ்.எச்சும் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) ஹீமோகுளோபினும் பார்க்காமல் 8 வாரம் எண்ணங்களைப் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல், பணத்தை வாரி இறைத்து, நாள்கணக்காகத் துள்ளிக்கொண்டிருந்தது உண்டா என்றும் கேளுங்கள். 'ஆம்' என்றால் இருமுனைக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம், அவர் இந்தக் குழுவுக்கான ஆள் இல்லை, மருத்துவருக்கும் அந்தத் தகவல் போக வேண்டும்.

எண்ணிக்கை 8. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டியும் ஏறக்குறைய 8 பேர், 8 அமர்வு, நடத்த இருவர் என்றுதான் சொல்கிறது. பத்துப் பேரோடு தொடங்குங்கள், மூன்றாம் வாரத்துக்குள் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள்.

கூடலூர்க்காரி:

இடத்தப் பத்திச் சொல்றேங்க. மலையில குழு உடையறது உள்ள பேசினதால இல்ல, கதவுல நுழையறத யாரு பார்த்தாங்கறதால. அதனால மத்ததுக்கு முன்னாடி இத முடிவு பண்ணிடுங்க.

ஆரம்ப சுகாதார நிலையப் பின்னறை வேண்டாம். சீட்டுக் குடுக்கற வரிசையத் தாண்டித்தான் உள்ள போகணும், வரிசையில நிக்கறவங்க பாதிப் பேரு சொந்தக்காரங்க. வாசகசாலை மாடி தேவலாம், யாரு வேணா எதுக்கு வேணா ஏறிப் போற இடம். ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. மாடியில பேசறது படிக்கட்டுல கேக்குதான்னு, ஒருத்தர உள்ள உக்காந்து சாதாரணக் குரல்ல பேசச் சொல்லிட்டு நீங்க வெளிய நின்னு கேளுங்க. கேட்டா படிக்கட்டு முனையில ஒரு ரேடியோ. அப்புறம் வாசகசாலை வருகைப் பதிவுல கையெழுத்துப் போட வைக்காதீங்க, அது மேசை மேலயே கிடக்கும்.

பலகையில "குழு சிகிச்சை"ன்னு போட வேண்டாம், அதுக்காகப் பொய்யும் வேண்டாம். "தூக்கம், பதட்டம், சோர்வு – 8 வார வகுப்பு" போதும். நம்ம ஜனங்க "எனக்கு டிப்ரஷன்"னு சொல்லிட்டு வர மாட்டாங்க. "நெஞ்சு படபடங்குது", "ராத்திரி ஒரே யோசனை", "எதுலயும் மனசு ஒட்டல"ன்னு தான் வருவாங்க. "மன அழுத்தம்"ங்கற வார்த்தைய மனச்சோர்வுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சேத்து எல்லாரும் புழங்கறாங்க, அதனால முதல் நாளே எது எதுன்னு பிரிச்சுச் சொல்லிடுங்க. வகுப்புன்னு சொல்றது ஏமாத்தறது இல்லீங்க. 1905ல பாஸ்டன்ல டாக்டர் ஜோசப் பிராட் காசநோயாளிகள ஒண்ணா உக்கார வச்சப்பவும் அதுக்கு வகுப்புன்னு தான் பேரு. குழு சிகிச்சைக்கு ஆரம்பம்னு அதத்தான் காட்டறாங்க.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே குழுவுல வேண்டவே வேண்டாம். வீட்டுப் பேச்சு வந்தா ரெண்டு பேருமே வாயத் தொறக்க மாட்டாங்க. ஆனா "உங்க அண்ணியும் வர்றாங்க"ன்னு சொன்னா அங்கயே ரகசியம் போச்சு. அதனால தனித்தனியா நேர்ல பேசறப்ப எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி: "யாரு அந்த வட்டத்துல இருந்தா உங்களால பேச முடியாது? அஞ்சு பேரு சொல்லுங்க." சொல்றத ஒரு தாள்ல எழுதி, நீங்களே ஒத்துப் பாத்து, ரெண்டு சுற்றாப் பிரிச்சுக்கங்க. ஒருத்தர அடுத்த சுற்றுக்குத் தள்றதுன்னா "இந்தச் சுற்றுல இடம் நிறைஞ்சிருச்சு" போதும். தாளக் கிழிச்சிடுங்க.

வாட்ஸாப் குழு ஆரம்பிக்காதீங்க. சேத்த நிமிஷமே எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தா தான் செய்தி போகும், அத முதல் நாளே உங்க முன்னாடியே பண்ணச் சொல்லுங்க. செய்தியும் "ஞாயிறு 2 மணி, வாசகசாலை" இவ்வளவு தான். பூட்டின திரையிலயே தெரியும், பசங்க எடுத்துப் படிப்பாங்க.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல ரகசியம் காக்கச் சொல்ற 23ஆம் பிரிவு உங்களக் கட்டுப்படுத்தும், சுத்தி உக்காந்திருக்கறவங்களக் கட்டுப்படுத்தாது. அவங்களுக்கு வாய்வார்த்தை தான். அதனால "இங்க பேசறது வெளிய போகாது"ன்னு நீங்க உறுதி குடுக்காதீங்க. ஒவ்வொருத்தரையும் அவங்க வாயாலயே சொல்ல வைங்க. உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் வெளிய சொல்லுவேன்னு அந்த விதிவிலக்கையும் அப்பவே சொல்லிடுங்க. இன்னொண்ணு, சந்தையில எதிர்ல பாத்தா என்ன பண்றது? நீங்க முதல்ல சிரிக்கக் கூடாது. அவங்க சிரிச்சா சிரிக்கலாம், அதோட சரி.

நவம்பர் வேணாங்க. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கந்தான் கொட்டும். ரோட்டுல மண்ணு சரிஞ்சா ரெண்டு வாரம் ஆளு வராது, குழு அப்படியே கலஞ்சிடும். பொங்கல் கழிச்சு ஆரம்பிங்க, மார்ச் நடுவுல முடிஞ்சிடும். ஏப்ரல், மே சீசன்ல பஸ்ஸுல நிக்கவும் இடம் இருக்காது, அதுக்குள்ள முடிச்சாகணும். எஸ்டேட்டுல வேலைக்குப் போறவங்க இருந்தா ஞாயித்துக்கிழமை மதியம் 2ல இருந்து 3.30. நாலு மணிக்குள்ள பஸ் ஏறிடணும். மூடுபனி இறங்கின பிறகு காட்டுமாடு, கரடி நடமாட்டம் இருக்கற வழியில பொம்பளைங்கள அனுப்பாதீங்க. ஜனவரிக் குளிருக்குக் கரி அடுப்பு மட்டும் உள்ள வச்சுடாதீங்க. ஜன்னல மூடிட்டு கரி மூட்டினா கார்பன் மோனாக்சைடு, உசுருக்கே ஆபத்து. தலைவலி, தலைசுத்தல்னு ஆரம்பிக்கும், நீங்க அதப் பதட்டம்னு நெனச்சு மூச்சுப் பயிற்சி சொல்லிட்டிருப்பீங்க.

மூடுபனி_58:

கூடலூர்க்காரி அக்கா சொன்னதுக்கு மேல் இடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுப் பயிற்சிக்கு வருகிறேன்.

வெறுங்கையோடு வருவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கொடுத்த வேலை பெரிதாக இருக்கும், இல்லாவிட்டால் எழுத வேண்டியிருக்கும். மனச்சோர்வில் மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் சிக்கலே. செய்தால்தான் மனசு கொஞ்சம் வரும். எனவே முதல் மூன்று வாரமும் செயலில் வையுங்கள், எண்ணங்களைத் தொடாதீர்கள். "தோட்டத்தைச் சரி பண்றேன்" என்று ஒருவர் சொன்னால் விடாதீர்கள். எந்த இடம், எந்த நாள், எதற்குப் பிறகு, எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தால் "சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிற ரெண்டு காரட் பாத்தி, செவ்வாய்க்கிழமை, காலை டீ குடிச்சதும், 15 நிமிஷம் களை" என்று வந்து நிற்கும். இதைச் செய்யும் நம்பிக்கை 10க்கு எத்தனை என்று கேளுங்கள். 7க்குக் கீழே சொன்னால் பாதியாக வெட்டுங்கள், ஒரே பாத்தி. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், காலண்டர் தாளில் அந்தத் தேதியிலேயே. எழுத்துப் பழக்கம் இல்லாதவருக்கும் அது வரும். தினசரிக் காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது, அதில் என்ன எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் செய்யாமல் வந்தவரிடம் "ஏன் செய்யல?" வேண்டாம். "எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேளுங்கள். பதிலில்தான் அந்த வாரப் பாடமே இருக்கும்.

மூச்சுப் பயிற்சியைப் பாதிப் பேர் தவறாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "நல்லா இழுத்து விடுங்க" என்றால் பதற்றக்காரர் பெரிது பெரிதாக இழுப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் மரத்துப் போகும், தலை கிறுகிறுக்கும், "பாத்தீங்களா, எனக்கு இதயம்தான்" என்று பயம் இரட்டிப்பாகும். இழுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாயைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவது போல மெல்ல விடச் சொல்லுங்கள், 6 எண்ணும் வரை. உள்ளே தானாக வரும், அது 4 எண்ணிக்கை இருக்கும். 5 நிமிஷம், தினம் இருமுறை, பயம் இல்லாத நேரத்தில். பயம் வந்த பிறகு முதல் முறையாகப் பழகுவது நடக்காது.

இரவெல்லாம் யோசனை ஓடுகிறது என்பவர்களுக்கு யோசனைக்கென்று ஒரு நேரம்: மாலை 5 மணி, 15 நிமிஷம், படுக்கையில் அல்லாமல் நாற்காலியில். மற்ற நேரம் வந்தால் "அஞ்சு மணிக்கு" என்று தள்ளிவைப்பது. அந்த 15 நிமிஷத்தில் தாளை இரண்டாகப் பிரித்து, கையில் இருப்பது, கையில் இல்லாதது. பச்சைத் தேயிலை விலை கையில் இல்லை. கூட்டுறவு சங்கக் கடன் தவணையைப் பற்றி செயலாளரிடம் போய்க் கேட்பது கையில் இருக்கிறது, எந்தக் கிழமை என்பது வரை எழுத வேண்டும்.

பஸ் பயம் இந்தப் பக்கம் அதிகம் வரும். படிக்கட்டு போல வரிசையாக வையுங்கள்: பஸ் ஸ்டாண்டில் 10 நிமிஷம் உட்காருவது, ஒரு ஸ்டாப் துணையோடு, ஒரு ஸ்டாப் தனியாக, பிறகு கொண்டை ஊசி வளைவுள்ள வழி. ஒவ்வொன்றுக்கும் பயம் 100க்கு எத்தனை என்று போட்டு, 40 அளவில் இருப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கிவிட்டால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். எனவே அது பாதியாகக் குறையும் வரை இருக்கப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் முந்தைய படியைத் திரும்பச் செய்யலாம். இங்கே கவனிக்க வேண்டியது கையில் இருக்கும் எலுமிச்சம்பழம். வாந்திக்கு முகர்ந்து பார்ப்பது என்றால் சரி. "அது இல்லாட்டி ஏற மாட்டேன்" என்றால் அதுவே பயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கடைசிப் படி, எலுமிச்சம்பழம் இல்லாமல் ஒரு பயணம்.

எண்ணங்களுக்கு 5ஆம் வாரம். தாளை நாலாக மடியுங்கள்: நடந்தது, மனசில் ஓடியது, உடம்பில் வந்தது, செய்தது. நேர்மறையாக நினையுங்கள் என்று உபதேசம் செய்ய ஆரம்பித்தால் குழு சத்சங்கமாகிவிடும். "இதுக்கு வேற காரணம் இருக்க முடியுமா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டால் போதும்.

சில்வர்ஓக்:

ஒன்று சேர்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பி.எச்.க்யூ போடுங்கள். 5 புள்ளி குறைந்தால் முன்னேற்றம் என்பது பொதுக்கணக்கு, ஆனால் 7இல் தொடங்கியவருக்கு அது பொருந்தாது, அவர் 5க்குக் கீழே வந்து அங்கேயே நிற்கிறாரா என்று பாருங்கள். 4ஆம் வாரத்தில் 5 கூடியிருந்தால் குழு முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மாத்திரை பற்றி ஒரு விதி கட்டாயம்: யாரும் யாருக்கும் பெயர் சொல்லக் கூடாது, கொடுக்கவும் கூடாது. "எனக்கு இது கேட்டுச்சு" என்று தூக்க மாத்திரை கை மாறுவது தேநீர் இடைவேளையில்தான்.

கூடலூர்க்காரி:

அதனால தான் டீய முடிவுல வைக்காதீங்கன்னு சொல்றது. முதல் 15 நிமிஷம் டீயும் வர்க்கி பிஸ்கட்டும், பஸ் லேட்டானவங்களும் அதுக்குள்ள வந்துருவாங்க.

மூடுபனி_58:

இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன் அக்கா. கனமான விஷயம் பேசி முடித்ததும் நேரே ரோட்டுக்கு அனுப்பினால் யார் கலங்கிப் போகிறார் என்று தெரியாது. கடைசியில் 10 நிமிஷம் டீ இருந்தால் நடத்துபவர்களில் ஒருவர் முகங்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு டம்ளர்தான், பதற்றக்காரருக்கு 4 மணிக்கு மேல் டீ தூக்கத்தைக் கெடுக்கும்.

மலைச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. பொங்கலுக்குப் பிறகு, வாசகசாலை மாடி, ஞாயிறு 2 மணி என்று முடிவு. 17க்கு நாளைக்கே போன் செய்கிறேன். இரண்டு சின்னச் சந்தேகம். ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால்? நாலைந்து பேருக்கு வீட்டில் படுகு மொழி, அவர்கள் தமிழில் பேசத் தடுமாறினால்?

மூடுபனி_58:

அதிகம் பேசுபவரை எதிரில் உட்கார வைக்காதீர்கள், உங்கள் பக்கத்து நாற்காலியில். கண்ணும் கண்ணும் சந்திக்காவிட்டால் பேச்சு தானாகக் குறையும். அப்படியும் நிற்காவிட்டால் அவர் சொன்னதையே பிடித்து, "அவங்க தூக்கம் வரலன்னு சொன்னாங்க, வேற யாருக்கு அப்படி இருக்கு?" என்று வட்டத்துக்குத் திருப்புங்கள். அமைதி விழுந்தால் மனசுக்குள் 15 எண்ணும் வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அழுகிறவரை எல்லோரும் சேர்ந்து தட்டிக்கொடுக்க விடாதீர்கள், அழுகை நின்றுவிடும், பேச்சும் நின்றுவிடும். தண்ணீரும் கைக்குட்டையும் நடுவில் ஒரு ஸ்டூலில் இருக்கட்டும், அவரே எடுத்துக்கொள்வார்.

கூடலூர்க்காரி:

படுகுலயே பேசட்டும். முழுசா பேசி முடிக்கட்டும், நடுவுல மொழிபெயர்க்காதீங்க. முடிச்ச பிறகு "இத மத்தவங்களுக்கு நான் தமிழ்ல சொல்லலாமா?"ன்னு அவங்ககிட்டயே கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க, புரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். உங்க கூட நடத்தறவருக்குப் படுகு தெரியுமா? தெரியலன்னா பொங்கலுக்குள்ள தெரிஞ்ச ஒருத்தரத் தேடுங்க, அந்த ஹட்டி ஆளா மட்டும் இருக்க வேண்டாம்.